வாழ்க்கைப் பாவனை விளையாட்டுகளில் அமெரிக்கப் பள்ளி

ஒரு கற்பனை மனிதரின் அன்றாட வாழ்வை ஆட்டக்காரரே நடத்திச் செல்லும் கணினி விளையாட்டுகள் வாழ்க்கைப் பாவனை விளையாட்டுகள் எனப்படும். லைஃப் சிமுலேஷன் என்ற பெயரிலும் இவை அறியப்படுகின்றன. இவற்றில் எதிரியை வீழ்த்துவதோ பந்தயத்தில் முந்துவதோ நோக்கமில்லை. சமைப்பது, உறங்குவது, வேலைக்குப் போவது, நட்புக் கொள்வது, பிள்ளை வளர்ப்பது ஆகியவையே ஆட்டம். பிள்ளைகள் வரும் இடத்தில் பள்ளியும் வந்துவிடும். உலகெங்கும் அதிகமாக ஆடப்படும் இவ்வகை விளையாட்டான 'தி சிம்ஸ்' தொடரில் அந்தப் பள்ளி பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளியாக இருக்கிறது. அது எவ்வாறு அமைந்தது, எந்த அமெரிக்க வழக்கங்கள் அதில் இடம்பெற்றன, எவை விடுபட்டன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடரின் தோற்றம்

'சிம்சிட்டி' என்னும் நகர அமைப்பு விளையாட்டை 1989இல் உருவாக்கிய வில் ரைட் என்பவரே 'தி சிம்ஸ்' விளையாட்டையும் வடிவமைத்தார். 1991இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பரவிய பெருந்தீயில் அவருடைய வீடு எரிந்துபோனது. இழந்த பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து வாழ்வை அமைத்துக்கொண்ட அந்த அனுபவம் விளையாட்டுக்கு ஒரு தூண்டுதலாக அமைந்தது. மேக்சிஸ் நிறுவனம் உருவாக்கிய விளையாட்டை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2000 பிப்ரவரியில் வெளியிட்டது. 2002இல் அது 'மிஸ்ட்' விளையாட்டை முந்தி, அதுவரை மிக அதிகமாக விற்பனையான கணினி விளையாட்டானது. இரண்டாம் பதிப்பு 2004இலும், மூன்றாம் பதிப்பு 2009இலும், நான்காம் பதிப்பு 2014இலும் வெளிவந்தன.

உருவாக்கியவர்கள் இதை எந்த ஒரு நாட்டுக்கும் உரியதாகக் காட்ட விரும்பவில்லை. பாத்திரங்கள் பேசுவது ஆங்கிலம் அன்று. 'சிம்லிஷ்' என்னும் பொருளற்ற கற்பனை மொழி. புழங்கும் பணம் டாலர் அன்று; 'சிமோலியன்'. ஊர்ப் பெயர்களும் கற்பனையே. ஆயினும் 'சிமோலியன்' என்பதே டாலரைக் குறிக்கும் பழைய அமெரிக்கக் கொச்சைச் சொல்தான். புல்வெளி சூழ்ந்த தனி வீடு, வாசலில் அஞ்சல் பெட்டி, பொருள் வாங்க வாங்க உயரும் மகிழ்ச்சி என்று முதல் பதிப்பு காட்டிய உலகம் அமெரிக்கப் புறநகர் வாழ்க்கை. அமெரிக்க நுகர்வுப் பழக்கத்தைச் சற்று நையாண்டி செய்யும் நோக்கமும் ரைட்டுக்கு இருந்தது. மொழியும் நாணயமும் மாற்றப்பட்டன; எதைச் செய்தால் என்ன கிடைக்கும் என்னும் விதிகள் அமெரிக்க வழக்கப்படியே நின்றன. பள்ளியைப் பார்க்கும்போது இது தெளிவாகத் தெரியும்.

பதிப்புகள் தோறும் பள்ளி

முதல் பதிப்பில் பள்ளிக்கூடம் கண்ணில் படாது. காலையில் வாசலில் பேருந்து வந்து நிற்கும்; பிள்ளை ஏறிப் போவான்; பிற்பகலில் திரும்புவான். இடையில் என்ன கற்றான் என்பது தெரியாது. தெரிவது ஓர் ஆங்கில எழுத்து மட்டுமே. 'ஏ பிளஸ்' வாங்கினால் தாத்தா பாட்டியிடமிருந்து பணம் வரும். 'எஃப்' நிலைக்கு இறங்கினால் பிள்ளை இராணுவப் பள்ளிக்கு அனுப்பப்படுவான். அதன்பின் வீட்டுக்குத் திரும்பமாட்டான். அடங்காத பிள்ளையை இராணுவப் பள்ளிக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டும் பெற்றோர், அமெரிக்கத் திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் அடிக்கடி வருபவர்கள்.

இரண்டாம் பதிப்பில் வீட்டுப்பாடம் வந்தது. தனியார் பள்ளியும் வந்தது. அதில் சேர, தலைமையாசிரியரை வீட்டுக்கு அழைத்து, வீட்டைச் சுற்றிக் காட்டி, விருந்து படைத்து, அவர் மனம் நிறையும்படி நடந்துகொள்ள வேண்டும். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை உண்டு. பொதுப் பள்ளிப் பிள்ளைகள் விருப்ப உடையில் செல்வார்கள். சீருடை என்றால் வசதி படைத்தோர் பள்ளி என்ற அமெரிக்க எண்ணம் இதில் தெரிகிறது. ஏழை, பணக்காரர் வேறுபாடு தெரியக்கூடாது என்பதற்காகச் சீருடை அணிவிக்கும் நாடுகளில் அதன் பொருள் இதற்கு நேர்மாறானது.

2005இல் வந்த 'யுனிவர்சிட்டி' இணைப்பு, வீட்டை விட்டு விடுதிக்குப் போகும் கல்லூரி வாழ்க்கையைத் தந்தது. கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் இல்லங்களும் இரகசியச் சங்கமும் அதில் இருந்தன. கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட மாணவர் சங்கம் அமெரிக்காவில் தோன்றியது 1776இல். வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய 'ஃபை பீட்டா கப்பா' அது.

மூன்றாம் பதிப்பின் 'ஜெனரேஷன்ஸ்' இணைப்பு 2011இல் 'பிராம்' என்னும் நடன இரவைச் சேர்த்தது. நான்காம் பதிப்புக்கு 2022இல் வந்த 'ஹைஸ்கூல் இயர்ஸ்' இணைப்பில்தான் ஆட்டக்காரர் மாணவரோடு பள்ளிக்குள்ளேயே போய் நாள் முழுவதும் இருக்க முடிந்தது. காப்பர்டேல் என்னும் கற்பனை ஊரின் உயர்நிலைப் பள்ளி அது. தனித்தனி லாக்கர்கள், உணவுக்கூடம், கால்பந்து அணி, சியர் அணி, சதுரங்க அணி, கணினி அணி, பிராம் இரவு, அதில் தேர்வாகும் அரசர் அரசி, தொப்பியும் அங்கியும் அணிந்த பட்டமளிப்பு விழா, முதல் மாணவருக்கு 'வேலடிக்டோரியன்' என்னும் சிறப்பு ஆகியவை அங்கே உண்டு. இங்கே கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்து. உலகம் ஆடும் கால்பந்து அன்று.

நான்காம் பதிப்பில் வேறு நாடுகளின் சாயலில் அமைந்த ஊர்களும் உள்ளன. 2019இல் வந்த சுலானி பசிபிக் தீவுகளை ஒத்தது. 2020இல் வந்த மவுன்ட் கொமோரேபி ஜப்பானிய மலையூர். 2023இல் வந்த டொமராங் தென்கிழக்காசிய நகரம். வீடு, உணவு, உடை, விழா எல்லாவற்றிலும் அந்தந்த நாட்டு மணம் உண்டு. பள்ளி மட்டும் மாறுவதில்லை. கொமோரேபியில் வளரும் பிள்ளைக்கும் அதே எழுத்துத் தரம், அதே வீட்டுப்பாடம். 'ஹைஸ்கூல் இயர்ஸ்' இருந்தால் டொமராங்கில் வாழும் பதின்ம வயதினரும் காப்பர்டேல் பள்ளிக்கே வந்து படிக்கிறார்கள். பண்பாடு வீட்டு அலங்காரத்தில் மாறுகிறது. பள்ளி எல்லாருக்கும் பொதுவான ஒன்று என்று விளையாட்டு எடுத்துக்கொள்கிறது.

அமெரிக்க அடையாளங்களும் அவற்றின் காரணங்களும்

விளையாட்டில் இயல்பானவையாகத் தோன்றும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு.

மஞ்சள் பேருந்து: தொடரின் முதல் மூன்று பதிப்புகளிலும் பிள்ளைகளைப் பேருந்து ஏற்றிச் செல்கிறது. அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளுக்கு மஞ்சள் நிறம் பொதுவானது 1939இல். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியர் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாடு, பள்ளிப் பேருந்துகளுக்கான பொது விதிகளை வகுத்தது. அதிகாலை மங்கல் ஒளியில் மஞ்சள் மேல் எழுதிய கறுப்பு எழுத்துகள் தெளிவாகத் தெரியும் என்பதால் அந்நிறம் தேர்வானது. இன்று இந்தியாவிலும் பள்ளிப் பேருந்து மஞ்சள்தான்.

லாக்கர்: நம் பள்ளிகளில் மாணவர் ஒரே வகுப்பறையில் இருக்க, மணி அடித்ததும் ஆசிரியர் மாறி வருவார். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியருக்குத்தான் அறை; மாணவர்கள் பாடத்துக்குப் பாடம் இடம் மாறுகிறார்கள். ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கும் பாடங்கள் வேறுபடுவதால் ஒரே வகுப்பாக நாள் முழுவதும் அமர இயலாது. புத்தகங்களை வைக்க நடைபாதையில் ஒரு பூட்டுப் பெட்டி தேவைப்படுகிறது. லாக்கர் அருகே நின்று பேசும் காட்சி விளையாட்டில் வருவது இந்தப் பாட முறையின் விளைவு.

எழுத்துத் தரம்: மதிப்பெண்ணுக்குப் பதிலாக 'ஏ', 'பி', 'சி' என்று எழுத்தால் தரம் இடும் முறையை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மவுன்ட் ஹோலியோக் கல்லூரி 1897இல் கைக்கொண்டது. பின்னர் அம்முறை அமெரிக்கப் பள்ளிகள் எங்கும் பரவியது.

பிராம்: 'பிராமனாட்' என்ற சொல்லின் சுருக்கம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வடகிழக்குக் கல்லூரிகளில் நடந்த முறைசார்ந்த விருந்து நடனமாகத் தொடங்கி, 20ஆம் நூற்றாண்டில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்தது.

சியர் அணி: 1898 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்துப் போட்டியில் ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்தை முழக்கமிடச் செய்ததை இதன் தொடக்கமாகக் கூறுவர். ஆரம்பத்தில் இது ஆண்கள் செய்த செயல்.

பகுதிநேர வேலை: பதின்ம வயதுப் பாத்திரங்கள் பள்ளி முடிந்ததும் உணவகத்திலோ பிள்ளை பார்த்துக்கொள்ளும் பணியிலோ சம்பாதிக்கலாம். அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், நேரக் கட்டுப்பாடுகளுடன் 14 வயது முதல் சிலவகை வேலைகளை அனுமதிக்கிறது. அங்கே இது பொறுப்புணர்வின் அடையாளமாகக் கருதப்படுகிறது.

இவையெல்லாம் ஒரே பள்ளியில் திரண்டதற்கும் காரணம் உண்டு. 1910இல் அமெரிக்க இளைஞர்களில் பத்தில் ஒருவர்கூட உயர்நிலைப் பள்ளியை முடிக்கவில்லை. 1940இல் ஏறத்தாழப் பாதிப்பேர் முடித்தனர். ஊருக்கு ஒரு பெரிய பள்ளி, அதில் கல்லூரிக்குப் போகிறவரும் தொழிலுக்குப் போகிறவரும் ஒன்றாகப் படிப்பது என்ற முறை நிலைபெற்றது. அந்தப் பள்ளியே ஊரின் விளையாட்டு மைதானமாகவும் நாடக அரங்காகவும் நடன மண்டபமாகவும் ஆனது. பாடமல்லாத செயல்களும் கல்லூரிச் சேர்க்கையில் கணக்கிடப்பட்டதால் மன்றங்களும் அணிகளும் பெருகின.

விளையாட்டுக்கு இந்தப் பள்ளி ஏன் பொருந்துகிறது?

உருவாக்கியவர்கள் அமெரிக்கர்கள் என்பது ஒரு காரணம். திரைப்படம் இன்னொரு காரணம். 'கிரீஸ்' 1978இலும், 'தி பிரேக்ஃபஸ்ட் கிளப்' 1985இலும், 'ஹைஸ்கூல் மியூசிக்கல்' 2006இலும் வந்தன. இத்தகைய படங்களால் அமெரிக்கப் பள்ளியை நேரில் பார்க்காதவர்களுக்கும் அதன் நடைபாதையும் உணவுக்கூடமும் பழகிப்போயின. 'லாக்கர்' என்றதும் உலகின் பெரும்பகுதிக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

அதிகம் பேசப்படாத மூன்றாவது காரணம் மதிப்பீட்டு முறை. அமெரிக்காவில் பள்ளி முடிக்கும்போது நாடு முழுவதற்குமான ஒரே பொதுத்தேர்வு இல்லை. அன்றாட வீட்டுப்பாடம், சிறு தேர்வு, வகுப்புப் பங்கேற்பு எல்லாம் சேர்ந்து தரமாகின்றன. வாழ்க்கைப் பாவனை விளையாட்டும் நாள் கணக்கில்தான் ஓடுகிறது. இன்று பாடம் எழுதினால் தரம் கொஞ்சம் ஏறும், எழுதாவிட்டால் இறங்கும். ஆட்டக்காரருக்கு உடனுக்குடன் பலன் தெரிய வேண்டும் என்ற விளையாட்டின் தேவைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆண்டு முழுவதும் படித்து, சில நாள்களில் எழுதும் பொதுத்தேர்வே வாழ்வைத் தீர்மானிக்கும் முறையை இந்த ஓட்டத்துக்குள் கொண்டுவருவது கடினம்.

கடினம்தான், ஆனால் முடியாதது அன்று என்பதற்கு ஜப்பானிய விளையாட்டுகள் சான்று. கொனாமி நிறுவனம் 1994இல் வெளியிட்ட 'டோக்கிமெக்கி மெமோரியல்' மூன்று ஆண்டு உயர்நிலைப் பள்ளி வாழ்வை ஏப்ரல் மாத நுழைவு முதல் மார்ச் மாதப் பட்டமளிப்பு வரை நடத்துகிறது. விளையாட்டு விழாவும் பண்பாட்டு விழாவும் அதில் முறையே வருகின்றன. 2016இல் வெளியான 'பெர்சோனா 5' சண்டையும் கதையும் கலந்த விளையாட்டு. அதன் அன்றாடப் பகுதி பள்ளி வாழ்வு. அங்கே மாணவர்கள் சீருடை அணிகிறார்கள். கோடை வந்ததும் சீருடை மாறுகிறது. ஆசிரியர்கள் பாடம் நடத்தி, திடீரெனக் கேள்வி கேட்கிறார்கள். கவனிக்காதவன் மேல் சாக்பீஸ் பறந்து வருகிறது. தேர்வு முடிந்ததும் முடிவுகள் பள்ளியில் ஒட்டப்படுகின்றன. தமிழ் மாணவர் பலருக்கு இந்தக் காட்சிகள் காப்பர்டேலைவிட நெருக்கமாகத் தோன்றும். தம் நாட்டுப் பள்ளியையே சுவையான ஆட்டமாக்க முடியும் என்பதை இவை காட்டுகின்றன.

விடுபட்டவை

விளையாட்டில் இருப்பது முழுமையான அமெரிக்கப் பள்ளியும் அன்று. அமெரிக்கப் பள்ளிகளின் நிதியில் பெரும்பங்கு அந்தந்த வட்டாரச் சொத்துவரியிலிருந்து வருவதால் செல்வர் வாழும் பகுதிப் பள்ளிக்கும் எளியோர் பகுதிப் பள்ளிக்கும் வசதியில் பெரும் வேறுபாடு உண்டு. காப்பர்டேலில் அந்த வேறுபாடு இல்லை. கறுப்பின மாணவரைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கியது சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல்தான். அந்த நீண்ட போராட்டத்தின் சுவடு விளையாட்டுப் பள்ளியில் கிடையாது. 1999இல் கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் நுழைவுச் சோதனைகளும், கதவைப் பூட்டி ஒளிந்துகொள்ளும் பயிற்சிகளும் அமெரிக்க மாணவர் பலரின் அனுபவமாயின. விளையாட்டில் அவை வாரா.

இளம் வயதினர் ஆடும் பொழுதுபோக்கில் துயரத்தைச் சேர்க்க வேண்டும் என்பதில்லை. ஆனால் சேர்க்கப்பட்டவையும் விடப்பட்டவையும் சேர்ந்துதான் ஒரு சித்திரத்தை ஆக்குகின்றன. விளையாட்டு பரப்புவது அமெரிக்கப் பள்ளியை அன்று. அமெரிக்கா தன் பள்ளியைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் இனிய கதையை.

கற்பித்தலும் குறைவாகவே உள்ளது. நான்கு பதிப்புகளின் அடிப்படை வடிவத்திலும் வகுப்பறைக்குள் ஆட்டக்காரர் நுழைய முடியாது. ஒரு கணக்கு புரியாமல் தடுமாறி, பிறகு சட்டென்று விளங்கும் நேரம் விளையாட்டில் இடம்பெறுவதில்லை. மகிழ்ச்சியான மனநிலையில் பள்ளிக்குப் போனால் தரம் கூடும் என்பது விதி. வயிறு நிறைந்து, நன்றாக உறங்கிய பிள்ளைக்குப் படிப்பு ஏறும் என்பதில் உண்மை இருக்கிறது. எந்த ஆசிரியரும் இதை ஒப்புக்கொள்வார். ஆனால் பாடத்தை விளக்கும் ஆசிரியரின் பங்கு அந்த விதியில் இல்லை.

மாணவர்மேல் ஏற்படும் விளைவு

ஒரு விளையாட்டு பிள்ளைகளின் மனத்தை அப்படியே மாற்றிவிடும் என்று கூறுவது மிகை. ஆடுபவர்கள் அதைப் பாவனை என்று அறிந்தே ஆடுகிறார்கள். எனினும் ஒரு கதையைப் படிப்பதற்கும் ஒரு விதியின்படி ஆடுவதற்கும் வேறுபாடு உண்டு. கதையில் நாயகன் நடன விழாவுக்குப் போவதைப் பார்க்கிறோம். விளையாட்டில் நாமே ஆடை தேர்ந்தெடுத்து, துணையை அழைத்து, மறுக்கப்பட்டு வருந்தி, மீண்டும் முயல்கிறோம். அந்த விழாவே பள்ளி வாழ்வின் உச்சம் என்று யாரும் சொல்வதில்லை. விளையாட்டின் பரிசுகள் அப்படி நடத்திச் செல்கின்றன.

இதனால் இரண்டு தவறான எண்ணங்கள் எழலாம். ஒன்று, அமெரிக்கப் பள்ளி உண்மையில் இப்படித்தான் என்பது. மற்றொன்று, இவையில்லாத தன் பள்ளி குறையுடைய பள்ளி என்பது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை, லாக்கரும் நடன மண்டபமும் இல்லாததை ஏழ்மையாக எண்ணக்கூடும். லாக்கர் இல்லாதது வகுப்பறை முறை வேறு என்பதால், வறுமையால் அன்று. அவன் பள்ளியிலும் காலை வழிபாட்டுக் கூட்டம், ஒன்றாக அமர்ந்து உண்ணும் சத்துணவு, ஆண்டு விழா நாடகம் எனச் சொல்லத்தக்கவை உள்ளன. அவற்றை விளையாட்டாக்க இன்னும் ஒருவர் முன்வரவில்லை என்பதே வேறுபாடு.

நன்மையும் இல்லாமல் இல்லை. மதிப்பெண்ணுக்கு அப்பால் மன்றமும் அணியும் மாணவர் வளர்ச்சியின் பகுதி என்பதையும், பாடத்தைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் இவ்விளையாட்டுகள் காட்டுகின்றன. இவை நம் கல்விமுறையும் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

ஆட்டக்காரர்களின் பதில்

'தி சிம்ஸ்' ஆடுபவர்கள் தரப்பட்டதை அப்படியே ஏற்பதில்லை. விளையாட்டின் நிரலில் மாற்றம் செய்து 'மாட்' எனப்படும் சேர்க்கைகளைத் தாமே எழுதிப் பிறருக்கு வழங்குகிறார்கள். பள்ளிச் சீருடைகள், தேர்வுகள், மழலையர் பள்ளி, வேறு வகைக் கல்வி முறைகள் ஆகியவை இவ்வாறு சேர்க்கப்பட்டுள்ளன. தம் பள்ளி விளையாட்டில் இல்லை என்று உணர்ந்தவர்கள் அதைத் தாமே கட்டிக்கொள்கிறார்கள். நிரல் எழுதக் கற்கும் தமிழ் மாணவர்களுக்கும் இது திறந்திருக்கும் வழி.

ஆடும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

ஊடகங்களைப் புரிந்துகொள்ளும் பயிற்சியாக, எந்த வாழ்க்கைப் பாவனை விளையாட்டுக்கும் கீழ்க்காணும் கேள்விகளைப் பொருத்திப் பார்க்கலாம். வகுப்பறையிலும் இவற்றைக் கலந்துரையாடலாம்.

1. இந்தப் பள்ளியில் எதற்குப் பரிசு கிடைக்கிறது? எதற்குத் தண்டனை?
2. பிள்ளை கற்பது காட்டப்படுகிறதா, தரம் மட்டும் காட்டப்படுகிறதா?
3. ஆசிரியர் என்ன செய்கிறார்?
4. பணம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு இங்கே என்ன நடக்கும்?
5. ஊர் மாறினால் பள்ளியும் மாறுகிறதா?
6. என் பள்ளியை இப்படி ஒரு விளையாட்டாக்கினால் ஒரு நாளின் விதிகள் என்னவாக இருக்கும்?

ஆறாம் கேள்விக்கு விடை எழுதத் தொடங்கும் மாணவர், தன் பள்ளியில் எது மதிக்கப்படுகிறது, எது மதிக்கப்படுவதில்லை என்பதை முதன்முறையாக எண்ணிப் பார்ப்பார். அமெரிக்கப் பள்ளியைப் பற்றிய விளையாட்டிலிருந்து தன் பள்ளியைப் பற்றிக் கற்றுக்கொள்ள இது ஒரு நல்ல தொடக்கம்.